தாதியின் ஒரே வரி

"மிஸ், இந்த ராஜா என்ன தப்புப் பண்ணினான்?"

கேட்டவன் இசக்கிராஜ். ப்ளஸ் ஒன் பி பிரிவு, கடைசி பெஞ்ச்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவனுடைய சொந்தக் குரலை அந்த வகுப்பு அதிகம் கேட்டதில்லை.

அவனிடம் வேறு குரல்கள் ஏராளம். "மாணவச் செல்வங்களே" என்று தொடங்கி, அதிலேயே மூச்சு வாங்கும் ஹெச்.எம். குரல். "ஏல, சைக்கிள ஸ்டாண்டுல விடாம எங்கல விடுத?" என்கிற வாட்ச்மேன் அருளப்பன் குரல். "உள்ள போ, உள்ள போ, உள்ளதான் ஊட்டி இருக்கு" என்கிற பஸ் கண்டக்டர் குரல். சத்துணவுக்கூடத்துக் குக்கர்கூட அவன் வாயில் விசிலடிக்கும். ஒருநாள் அவன் அடித்த மூன்றாவது விசிலுக்கு ஆயா நிஜமாகவே அடுப்பை அணைத்துவிட்டாள். அன்றைக்குச் சோறு அரிசியாகவே தட்டில் விழுந்தது.

தமயந்தி மிஸ் இந்த நாடகத்தை ஆரம்பித்த அன்றும் அவன் அடங்கவில்லை.

"இது ட்ராஜடி. கடைசியில அழுகை வரும்," என்றார் மிஸ்.

"இங்கிலீஷ் பீரியடுனாலே அழுகைதான மிஸ். சில்லறையா அழுங்க, சில்லறையா அழுங்க." கண்டக்டர் குரல்.

மிஸ்ஸுக்கு வயது இருபத்தெட்டு. சிரிப்பு வந்தால் கையில் இருப்பதைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அன்று கையில் இருந்தது புத்தகம்.

கதை இதுதான்.

ஊருக்கு வெளியே கொள்ளைநோய். கோட்டைக் கதவை அடைக்கச் சொல்கிறான் ராஜா. யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. ஒருவன் பகல் முழுக்கத் தட்டுகிறான். ராஜா என் அப்பா என்று கத்துகிறான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறான் ராஜா. மறுநாள் கதவுக்கு வெளியே கிடக்கிறது இளவரசனின் உடல்.

மதில்மேல் ஒரு தாதி நின்றிருந்தாள். இளவரசனைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு அந்தக் குரல் தெரியும். வாய் திறக்கவில்லை. அவளுக்கு நாடகம் மொத்தத்திலும் ஒரே வரி. அதுவும் கடைசிக் காட்சியில்.

"முடிவ ஏன் மிஸ் முன்னாலயே சொல்லுதிய?"

"தெரிஞ்சே பாக்கணும். அதான் இதுல கஷ்டம்."

பாத்திரம் பிரித்தார்கள். ராஜா, இசக்கிராஜ். தாதிக்கு ஒருத்தனும் கை தூக்கவில்லை.

"பேச்சிமுத்துக்குக் குடுங்க மிஸ். அவன் தொண்டையில ரெண்டு பேரு குடியிருக்காங்க. ஒருத்தி பொம்பள."

பேச்சிமுத்து எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டான்.

"ஒத்த வரிதான மிஸ்? அப்பம் சரி."

குரல் பாதி கீழே, பாதி மேலே போனது. நனைந்த சைக்கிள் ஹாரன் மாதிரி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவன் இடம் இசக்கிராஜின் பக்கத்தில்தான்.

வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கல்குவாரிக் குட்டையில் நீந்துவதென்றால் பேச்சிமுத்துவுக்கு உயிர்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. முதல் பீரியடில் பெயர் கூப்பிடுவார்கள். வராதவன் வீட்டுக்குப் பத்து மணிக்குள் மெசேஜ் போய்விடும்.

ஒருமுறை போனது. அவன் அம்மா வள்ளிமயில் பீடித் தட்டை அப்படியே போட்டுவிட்டு, விளக்குமாற்றோடு குவாரிக்கே போனாள். "எய்யா, என் ராசா, வெளிய வாய்யா, ஒன்ன ஒண்ணுஞ் செய்யமாட்டேன்" என்று தேனொழுகக் கூப்பிட்டுக் கரையேற்றினாள். பிறகு பஸ் ஸ்டாப் வரைக்கும் விளாசிக்கொண்டே வந்தாள்.

அந்தத் தேனையும் விளாசலையும் இசக்கிராஜ் ஒரு வாரம் வகுப்பில் நடித்துக் காட்டினான். பேச்சிமுத்துதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான்.

அடுத்த தடவை உஷாராகிவிட்டான்.

"ஏல இசக்கி, நாளைக்கு எனக்கும் சேத்து நீ பிரசென்ட் சொல்லிரு."

"அவ்ளோதானல? ஒன் குரல்தான, தும்முனா வந்துரும்."

மறுநாள் முதல் பீரியடு இங்கிலீஷ்.

"இருபத்திமூணு. பேச்சிமுத்து."

"பிரசென்ட் மிஸ்."

பாதி கீழே, பாதி மேலே. அச்சு அசல். முன் பெஞ்சில் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

மிஸ் நிமிர்ந்தார். வருகைப் பதிவேட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டார். பிறகு இறக்கினார். டிக் போட்டார்.

மெசேஜ் போகவில்லை.

வள்ளிமயில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

மதியம் குவாரிப் பக்கம் ஆடு பத்திக்கொண்டு போனவர், கரையில் ஒரு பையும் சட்டையும் மட்டும் கிடப்பதைப் பார்த்தார்.

விசாரணை வந்தது. பதிவேட்டில் பையன் ஆஜர். அப்படியென்றால் அதற்கப்புறம் கேட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். கேட்டில் இருந்தது அருளப்பன்.

"ஐயா, என் கேட்டத் தாண்டி ஒரு பிள்ள வெளிய போவல. எம் மக்கமாரு மேல சத்தியம்."

"அப்போ பதிவேடு பொய் சொல்லுதா?" என்றார் ஹெச்.எம்.

எழுத்தோடு மல்லுக்கட்ட அருளப்பனுக்குத் தெரியாது. நாற்காலியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும். அதோடு ஆளை வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

ஒருநாள் வள்ளிமயிலும் வகுப்பு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எய்யா, அன்னைக்குக் காலைல கிளாசுல இருந்தானாமே. என்னய்யா பேசுனான்?"

நாற்பத்தோரு பையன்களும் அவரவர் பெஞ்சைப் பார்த்தார்கள்.

"இசக்கி, ஒன் பக்கத்துலதான இருந்தான்?"

அவன் தலையாட்டினான். ஆமாம் என்று.

அவள் அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

அன்றிலிருந்து குக்கர் விசிலடிக்கவில்லை. கண்டக்டர் யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. ஹெச்.எம். ப்ரேயரில் மட்டும்தான் பேசினார், அதுவும் நிஜ ஹெச்.எம்.

மிஸ்ஸும் முன்போல இல்லை. பெயர் கூப்பிடும்போது இருபத்திரண்டில் நிற்பார். பேனாவை மூடுவார், திறப்பார். பிறகு இருபத்திநாலு.

இன்று வியாழக்கிழமை. கமிட்டி நாளைக்கு. பதினைந்து நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் நாடகத்தை மறுபடி கையில் எடுத்திருந்தார்.

"சொல்லுங்க மிஸ். ராஜா என்ன தப்புப் பண்ணினான்? வெளிய நிக்கது தன் மவன்னு அவனுக்குத் தெரியாதுல்லா?"

"கடைசிக் காட்சி இன்னும் வரலயே."

"அதுல இருக்கா மிஸ், பதிலு?"

"வாசி."

இசக்கிராஜ் எழுந்து வாசித்தான். எந்தக் குரலையும் இரவல் வாங்காமல், எழுத்தெழுத்தாகத் தடுக்கித் தடுக்கி வாசித்தான்.

ராஜா மகனின் உடல் முன்னால் நிற்கிறான். கதவுக் காவலனை இழுத்து வரச் சொல்கிறான். காவலன் காலில் விழுகிறான். அடைக்கச் சொன்னீர்கள், அடைத்தேன் என்கிறான். இவன் தலையை எடுங்கள் என்கிறான் ராஜா. வாள் உயர்கிறது. கடைசியாக ராஜா சபையைப் பார்த்துக் கேட்கிறான்.

என் மகன் தட்டியதை, கூப்பிட்டதை, இங்கே கேட்டவர் யார்?

அடுத்த வரி தாதியுடையது.

யாரும் வாசிக்கவில்லை.

தலைக்குமேல் ஃபேன் கடகடத்தது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏல இசக்கி." முன் பெஞ்சிலிருந்து மீரான் திரும்பினான். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துச் சிரித்தவர்களில் ஒருவன். "அவன் வரியையும் நீயே சொல்லேம்ல. அவன் கொரல்ல. ஒனக்குத்தான் தும்முனா வந்துருமே."

ஒருவரும் சிரிக்கவில்லை. மீரான் கண்ணில் தண்ணீர் நின்றது.

இசக்கிராஜ் வாயைத் திறந்தான்.

குரல் தொண்டையில் தயாராக இருந்தது. பாதி கீழே, பாதி மேலே. கூப்பிட்டால் வந்துவிடும். அப்படியே, உயிரோடு வந்துவிடும்.

வாயை மூடினான்.

"மிஸ். அன்னைக்குப் பிரசென்ட் சொன்னது நாந்தான்."

மிஸ் நிமிர்ந்தார்.

"அவன் பள்ளிக்கூடத்துக்கே வரல மிஸ். அருளப்பண்ணாச்சி கேட்டத் தாண்டி அவன் போவல. அவங்க அம்மைட்ட நான் பொய்யாத் தலையாட்டுனேன்."

இவ்வளவுதான். சொல்லிவிட்டு நின்றான். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

மிஸ் கையில் இருந்த புத்தகத்தைத் தூக்கினார். முகம் வரைக்கும் போகவில்லை. பாதியிலேயே இறக்கி, மூடி, மேஜைமேல் வைத்தார்.

தாதியின் வரி புத்தகத்தில் இங்கிலீஷில் இருந்தது. மிஸ் தமிழில் சொன்னார்.

"குரல் எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டார்.

"வா. ஹெச்.எம். ரூமுக்கு. முன்னால நான் போறேன்."