மைதீன் மூடாத அடைப்பு

“கடைசி வரியில பிழைன்னு சொல்லுது, டீச்சர். அங்க ஒண்ணுமே இல்லை” என்றார் தேவசகாயம்.

பொற்கொடி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வயதில் அவர்தான் மூத்தவர். ஆயினும் நிரல் எழுதக் கற்றது அவளிடம்.

நிரல் எழுதும் எடிட்டர் செயலியின் அமைப்புக் கோப்பு திறந்திருந்தது. எழுதியவர் தேவசகாயத்தின் நண்பர் மைதீன். இருவரும் ஒரே கணினியில் வேலை செய்தவர்கள். மைதீன் தட்டுவார், தேவசகாயம் பக்கத்திலிருந்து குறை சொல்வார்.

மைதீன் இறந்தபின் எடிட்டர் அந்தக் கோப்பை ஏற்கவில்லை. அவர் வைத்த நிறமும் எழுத்தளவும் போய், நேற்று வாங்கியதுபோல் வெறிச்சென்று திறந்தது.

“வேற ஃபைல் எழுதிக்கலாமே, சார்.”

“எழுதலாம். அப்புறம் அது வேற யாரோட மெஷினோ ஆயிடும்.”

அவள் கோப்பின் அடிக்குப் போனாள்.

“என்ன செஞ்சு பார்த்தீங்க?”

“எழுத்துப் பிழை பார்க்கும்போது அடிக்கோடு போடாம விடவேண்டிய சொற்கள்னு ஒரு பட்டியல். அவன் தொடங்கி, அப்படியே விட்டுட்டான். நான் நிரப்பிப் பார்த்தேன்.”

பொற்கொடி படித்தாள். கடலோர ஊர்களின் பெயர்கள். மீன்களின் பெயர்கள். மைதீனுடைய மகளின் பெயர். கடைசியில், தேவசகாயம்.

“சரியான சொல் விழுந்தா திறக்கும்னு நினைச்சீங்களா?”

“நினைச்சேன்.”

“இது பூட்டு இல்லை, சார். பட்டியலோட அடைப்புக்குறி மூடாம கிடக்கு. மூடுற குறியைத் தேடிக்கிட்டே ஃபைல் தீருற வரைக்கும் போகுது. தீர்ந்த இடத்துல நின்னு பிழைங்குது.”

தேவசகாயம் பட்டியல் தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார்.

“அவன் என்னதான் எழுத நினைச்சான்?”

“அது எனக்கும் தெரியாது. எடிட்டருக்கும் தெரியாது.”

“அப்போ உள்ளே எதைப் போடுறது?”

“எதுவும் வேண்டாம். மூடினாப் போதும்.”

“வெறுமனேயா?”

“வெறும் பட்டியலை அது பிழைன்னு சொல்லாது.”

மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பொற்கொடி எழுந்து உள்ளே போனாள்.

அவர் மீன்களை அழித்தார். ஊர்களை அழித்தார். மகளின் பெயரையும் அழித்தார்.

தன் பெயரில் விரல் நின்றது.

பிறகு அதையும் அழித்து, அடைப்பை மூடினார்.

எடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை.