கண்ணாத்தா விழுங்கிய குரல்

ஏரிக்கரைப் பொட்டலில் ஓர் ஆட்காட்டிக் குருவி தன் மகளோடு குடியிருந்தது. மகள் பெயர் கண்ணாத்தா. ஆட்காட்டிகளுக்கு மரத்தில் கூடு கிடையாது, பொந்தும் கிடையாது. வெறும் தரையில் முட்டை, வெறும் தரையில் தூக்கம். நாய் வந்தாலும் நரி வந்தாலும் "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று ஒருவர் அலறவேண்டியது. அலறல் கேட்டதும் குஞ்சுகள் தாடையைத் தரையில் ஒட்டி, கல்லோடு கல்லாகக் கிடக்கவேண்டியது. அவர்கள் வீட்டுக்குக் கதவும் தாழ்ப்பாளும் அவ்வளவுதான்.

கரையின் மறுமுனையில், கருவேல மரத்தடியில் வெள்ளியங்கிரி வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினார். வாத்தியார் ஒரு கொக்கு. நல்ல மனுஷர் என்று சொல்ல வாய் வருகிறது. நல்ல கொக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முயல்குட்டி துரும்பன், காடைக்குஞ்சு மொச்சை, ஒரு மான்குட்டி, ஓர் ஆமைக்குட்டி எல்லாம் அங்கே படித்தார்கள். கண்ணாத்தாவும் போய்ச் சேர்ந்தாள்.

வாத்தியாரின் முதல் பாடம் ஒற்றைக்காலில் நிற்பது. இரண்டாவது பாடம் வாயைத் திறக்காமல் நிற்பது. கொக்குக் குலத்தில் பெரிய படிப்பே அதுதானே! ஆமைக்குட்டி ஒற்றைக்காலில் நிற்கப்போய் மல்லாந்து விழுந்து, அதைப் புரட்டிப்போடவே தினமும் பாதிப் பாடம் போயிற்று.

கண்ணாத்தாவுக்கு ஒற்றைக்கால் சுலபமாக வந்தது. வாய்தான் அடங்கவில்லை. ஆடு வந்தால் அலறினாள். பருந்தின் நிழல் விழுந்தால் அலறினாள். காய்ந்த மட்டை விழுந்தாலும் அலறினாள். மற்ற பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். அவள் அலறியதும் அவளைப் பார்த்துத் தாங்களும் பொத்தென்று தரையில் விழுந்து கல்லாகக் கிடந்து பார்த்தார்கள். யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். அதற்குக் கல்லாட்டம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கண்ணாத்தாவைத் தனியே அழைத்தார்.

"நீ கெட்டிக்காரப் பிள்ளை. ஆனா இந்தப் பொட்டல்காட்டுக் கூச்சலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வராதே. சரியா?"

"சரிங்க ஐயா" என்றாள் கண்ணாத்தா. அவளுக்கு மானமே போய்விட்டது போலிருந்தது.

அன்றிலிருந்து குரல் கிளம்பும்போதெல்லாம் விழுங்கினாள். முதலில் தொண்டை வலித்தது. பிறகு பழகிவிட்டது. வாத்தியார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அவளைப் பாராட்டினார். கருவேலமரத்துக்குப் பின்னால் மற்றவர்கள் கல்லாட்டம் ஆடும்போது, துரும்பன்தான் இப்போது அலறினான். கூப்பிட்டபோதும் கண்ணாத்தா போகவில்லை. எட்ட நின்று, ஒற்றைக்காலில், நல்ல பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் விழுங்கிய குரல் வீட்டிலும் வெளியே வரவில்லை. ஒரு சாயங்காலம் நாய் ஒன்று பக்கத்தில் வந்தபோது மகள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அம்மா பறந்து வந்து நாயை விரட்டினாள். அப்புறம் மகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். வெட்டவெளியில் வாழப்போகிற பெண் குரல் இல்லாமல் எப்படிப் பிழைப்பாள் என்று அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை. பிள்ளைகள் எல்லாரும் ஏரியைப் பார்த்து ஒற்றைக்காலில் நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் கோரைப்புதர். காற்று ஏரியிலிருந்து புதர்ப்பக்கம் வீசிக்கொண்டிருந்தது. கடைசியில் நின்ற கண்ணாத்தா ஓரக்கண்ணால் பார்த்தாள். காற்றுக்கு எதிராக ஒரு கோரை சாய்ந்தது. அடுத்த கோரையும் சாய்ந்தது. இடுக்கில் இரண்டு மஞ்சள் கண்கள்.

காட்டுப்பூனை!

கண்ணாத்தா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தலை மட்டும் மேலும் கீழும் வெட்டி வெட்டி ஆடியது. ஆட்காட்டி பயந்தால் அப்படித்தான் ஆடும். அது அவளைக் கேட்டு வருவதில்லை.

பக்கத்தில் நின்ற துரும்பன் அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டான். முன்பெல்லாம் அவள் அலறுவதற்கு முன்னால் தலை அப்படித்தான் ஆடும் என்று அவனுக்குத் தெரியும். என்ன ஏது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

மொச்சை அதை வாங்கிக் கத்தினாள். மான்குட்டியும் கத்தியது. அடுத்த நொடி வகுப்பைக் காணோம்! தாடையைத் தரையில் ஒட்டி, கண்ணை இடுக்கி, கல்லோடு கல்லாகக் கிடந்தார்கள். வாத்தியார் பதறிப்போய் மரத்தின்மேல் ஏறிக்கொண்டார்.

கண்ணாத்தா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். உயிர் போகிற நேரத்திலும் அவளால் நம்ப முடியவில்லை. அது அவள் அம்மாவின் குரல். அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்த குரல். ஒரு முயலின் வாயிலிருந்து வருகிறது! ஒரு மானின் வாயிலிருந்து வருகிறது!

"கண்ணாத்தா, படு!" என்று தரையிலிருந்து துரும்பன் சீறினான்.

அவள் விழுந்தாள். பூனை புதரை விட்டு வந்தது. பார்த்த இடமெல்லாம் கல்லும் மண்ணும். ஒரு கால் எடுத்து வைத்தது, நின்றது, குழம்பியது. அதற்குள் வானத்திலிருந்து கண்ணாத்தாவின் அம்மா பாய்ந்து இறங்கினாள். காது கிழிய அலறிக்கொண்டு பூனையின் தலைக்கு மேலேயே திரும்பத் திரும்பச் சுழன்றாள். தொல்லை தாங்காமல் அது கரையோடு ஓடி மறைந்தது.

அம்மா மகளிடம் ஓடிவந்தாள். "நம்ம குரல் கேட்டுத்தான் வந்தேன். நீயா கூப்பிட்டே?"

"இல்லம்மா." கண்ணாத்தாவுக்கு அழுகை முட்டியது. "துரும்பன்."

அம்மா முயல்குட்டியைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். இந்தக் குரல் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை, கண்ணாத்தா பக்கத்தில் இருந்ததால் வந்துவிட்டது என்றான் அவன். மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். யாரும் நடத்தாத பாடத்தை வகுப்பு முழுக்கப் படித்திருந்தது!

வெள்ளியங்கிரி வாத்தியார் மரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"மீன் பிடிக்கிறவனுக்கு அமைதி வேணும்மா" என்றார் கண்ணாத்தாவிடம். "எல்லாரையும் மீன் பிடிக்கிறவங்கன்னு நினைச்சுட்டேன். இன்னிக்குப் பாடத்தை நீ நடத்து."

"எனக்குக் குரல் வரலீங்களே, ஐயா."

துரும்பன் முன்னால் வந்து, அவள் வாயைப் பார்த்தபடி, மெதுவாகச் சொல்லிக்காட்டினான். அவள் முயன்றாள். காற்று வந்தது. மறுபடி சொன்னான். கீச்சென்று ஏதோ வந்தது. மூன்றாவது தடவை, கரகரவென்று, உடைந்து, "டிட்டிட்டீ!" என்று வந்தே விட்டது.

வகுப்பு மொத்தமும் பொத்தென்று விழுந்து கல்லானது. வாத்தியாரும் தம் நெட்டைக் கால்களை எங்கே மடக்குவது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் பிள்ளைகள் நடுவே தாடையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டார்.

நீதி: ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டையும் கூட்டிக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறது, அந்த வீட்டை வெளியே நிறுத்தாத வகுப்பில்தான் எல்லாரும் எல்லாரிடமும் படிக்கிறார்கள்.