உப்பு வணிகனின் நெட்டி வீடு

ஒரு மூட்டை உப்புக்கு இரண்டு மூட்டை நெல் என்று வாய்ப்பேச்சிலேயே ஊர் நடந்த காலம். அந்தக் காலத்தில், கடலோர ஊர் ஒன்றில் சேந்தன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். சின்னவர்களே, கேளுங்கள். வீட்டுக்காரர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற பெரியவர்களே, நீங்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

சேந்தன் பேரத்தில் தோற்றதே கிடையாது. காலையில் உப்பளம், மதியம் சந்தை, சாயங்காலம் வீடு. வீட்டில் அவனுக்கு ஒரு கைவேலைப் பித்து.

குளத்தில் நெட்டி என்று ஒரு செடி முளைக்கும். தண்டின் தோலைச் சீவினால் உள்ளே தந்தம் போல வெள்ளையாக, பஞ்சு போல லேசாக இருக்கும். அதைச் சின்னக் கத்தியால் செதுக்கி, தன் வீட்டையே முழ அளவில் செய்துகொண்டிருந்தான். ஓடு ஓடாக, தூண் தூணாக, ஆள் ஆளாக.

கைவேலை தப்பா? தப்பே இல்லை. நாள் முழுக்க உப்போடு மல்லுக்கட்டியவனுக்கு விரல் நுனியில் ஒரு சந்தோஷம் வேண்டும்தான். ஆனால் காற்றில் நெட்டி பறக்கிறது என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டான் பாருங்கள், வினை அங்கே பிடித்தது.

மூத்த மகன் வந்து தட்டினான். "அப்பா, பம்பரம் உடைஞ்சு போச்சு."

"இதோ, இந்த ஓட்டை முடிச்சுட்டு வரேன்."

நடுப்பெண் வந்து தட்டினாள். "அப்பா, பல்லு விழுந்துடுச்சு, பாருங்களேன்."

"இதோ, இந்தத் தூணை முடிச்சுட்டு வரேன்."

மனைவி உலகாயி வந்து தட்டினாள். "உடம்பு கொதிக்குதுங்க."

"இதோ, இந்தக் கிணத்தை முடிச்சுட்டு வரேன்."

இப்படி ஐந்து வருஷம். அப்புறம் யாரும் தட்டவில்லை. தட்டுகிற சத்தம் நின்றுபோனதே என்று அவன் பதறினானா? இல்லை. வேலை தடையில்லாமல் ஓடுகிறது என்று மகிழ்ந்தான்.

ஒருநாள் அந்த நாட்டு ராஜா ஊர்வழியே வந்தார். சேந்தன் நெட்டி வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தான். கூடியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவ்வளவு அழகு.

"இது உன் வீட்டைப் போலவே இருக்கிறதா?" என்றார் ராஜா.

"அச்சு அசல், மகாராஜா."

"ஒரு குறையும் இல்லையே?"

"மயிரிழைகூடக் கிடையாது."

"இல்லையென்றால் உன் உப்புக்கு ஆயுள் முழுக்க வரி கிடையாது. இருந்தால்?"

பேரம் என்றதும் சேந்தனுக்கு ரத்தம் சூடேறிவிட்டது. "இருந்தால் என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான். பெண்டாட்டியைக் கேட்டானா, பிள்ளைகளைக் கேட்டானா? வாய்தான் இருக்கிறதே, விட்டுவிட்டான்.

ராஜா நேரே அவன் வீட்டுக்கே நடந்தார். நெட்டி வீட்டைத் தூக்கிக்கொண்டு சேந்தனும் ஊரும் பின்னால் போனார்கள்.

நெட்டி வீட்டின் முற்றத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. நிஜ முற்றத்தில் வெறும் அடிக்கட்டை. போன வருஷப் புயலில் மரம் சாய்ந்திருந்தது.

நெட்டி வீட்டில் உலகாயி முழங்கால் வரை கூந்தலை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். நிஜ உலகாயி தலையில் முக்காட்டோடு வந்து நின்றாள். காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் விரற்கடை அளவு முளைத்திருந்தது.

நெட்டி வீட்டில் இரண்டு பிள்ளைகள். நிஜ வீட்டில் மூன்று.

"இந்தச் சின்னது யார்?" என்று கேட்டார் ராஜா.

நாலு வயதுப் பெண். உலகாயியின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சேந்தனை வேடிக்கை பார்த்தது.

"என்... என் பொண்ணுதான்."

"பெயர்?"

சேந்தன் உலகாயியின் முகத்தைப் பார்த்தான், பெயர் அவனுக்குத் தெரியவில்லை. ஐயா, எத்தனையோ அயோக்கியத்தனத்தைச் சந்தையில் பார்த்தவன், இந்தக் கதை சொல்கிற நான். இதைச் சொல்லும்போது எனக்கே வாய் உலர்ந்துவிடுகிறது. பெத்த பிள்ளையின் பெயர்!

ராஜாவின் முகம் இறுகியது. "பந்தயம் பந்தயம்தான். பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்யுங்கள்."

உலகாயி அழவில்லை. முன்னால் வந்தாள்.

"ராஜாவே, ஒரு நியாயம் கேக்கணும். அடுத்தவன் மாட்டை ஒருத்தன் பந்தயம் வெச்சா செல்லுமா?"

"செல்லாது."

"அப்போ இந்த வீடு இவரோடதுதான்னு முதல்ல தெரியட்டும். மூணு கேள்வி கேக்கறேன். ஒண்ணுக்கு அவர் சரியா பதில் சொன்னாலும் வீட்டை எடுத்துக்குங்க. நாங்க நடுத்தெருவுல நிக்கறோம்."

ராஜா தலையசைத்தார். சேந்தன் பேரக்காரன் இல்லையா, சட்டென்று கணக்குப் போட்டான். தெரிந்தாலும் தெரியாதது போல நடித்துவிட வேண்டும், வீடு தப்பிக்கும்.

"மூத்தவன் எந்தக் கையால சாப்பிடறான்?"

சேந்தன் யோசித்தான். தெரியவில்லை.

"நடுவுல உள்ளவ ராத்திரி எதைப் பார்த்துப் பயந்து அழறா?"

யோசித்தான். தெரியவில்லை.

"நான் காய்ச்சல்ல கிடந்த பதினெட்டு நாள், உங்களுக்குச் சோறு வடிச்சுப் போட்டது யாரு?"

பதினெட்டு நாளும் அவன் சாப்பிட்டிருக்கிறான். தட்டு வந்தது, சாப்பிட்டான். யார் கை என்று பார்க்கவில்லை. நடிக்க வேண்டும் என்று நினைத்தவனுக்கு, நடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

உலகாயி மூத்த மகனின் வலது கையைப் பிடித்து நீட்டினாள். கஞ்சி கொட்டிய தழும்பு, விரல்கள் பாதி மடங்கி இருந்தன. "ஒன்பது வயசுப் பையன் வடிச்சான். அதிலேர்ந்து இடது கையாலதான் சாப்பிடறான்."

 சேந்தன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான்.

ராஜா மெல்லக் கேட்டார். "வணிகனே, உன் நெட்டி வீட்டுக் கூரையில் எத்தனை ஓடு?"

"ஆயிரத்து இருநூற்று நாற்பது" என்றான் சேந்தன், யோசிக்காமலே. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆக, உன் வீடு இதுதான்" என்றார் ராஜா. நெட்டி வீட்டை அவருடைய ஆட்கள் தூக்கிக்கொண்டார்கள். "நீ பந்தயம் வைத்த வீட்டை எடுத்துக்கொண்டேன். நாம் நிற்கிற இந்த வீடு அந்த அம்மாளுடையது."

ஊர் கலைந்தது. வாசலுக்கு உள்ளே உலகாயி, வெளியே சேந்தன்.

"நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டான். வாழ்க்கையிலே முதல் தடவையாக எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் பேரம் பேசினான்.

"வரலாம். கத்தியும் வரலாம். நானும்தான் பூத்தையல் போடுவேன், மூணு வருஷமா ஊசியைத் தொடல. வாரத்துல ஒருநாள் சாயங்காலம் உங்களுக்கு, ஒருநாள் எனக்கு. ஒருத்தர் வேலை செய்யறப்போ இன்னொருத்தர் பிள்ளைங்களைப் பார்க்கணும். மிச்ச நாள் எல்லாருக்கும்."

"ரெண்டு நாள்..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

உள்ளே போனான். சின்னப் பெண் ஓடிவந்து, விருந்தாளிக்குக் கொடுப்பது போலச் செம்பில் தண்ணீர் நீட்டியது. "என் பேரு சிட்டாள். உக்காருங்க" என்றது. அன்றைக்குக் கொடுத்தது, மறுநாள் கொடுத்தது, மூன்றாம் நாளும் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் அவனுக்கு நெருப்பாக இறங்கியது.

நாலாம் மாதம் ஒருநாள் தண்ணீர் கேட்டான். பல்லாங்குழியில் இருந்து சிட்டாள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பானை அங்கதானே இருக்கு, நீங்களே மொண்டு குடிங்கப்பா."

சேந்தன் எழுந்து போய், மொண்டு, குடித்தான்.

கைக்குப் பிடித்த வேலையை விடாமல் செய், ஆனால் அதற்கான நேரத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்கு, திருடாதே.