நாச்சிமுத்துவின் ஏழாவது விதி

வீடியோ கேம் எப்படி உருவாகிறது என்று ஒரு புத்தகம் எழுத நாச்சிமுத்துவுக்கு ஆறு வருடம் ஆயிற்று. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், இதற்காகவே முன்கூட்டி ஓய்வு வாங்கிக்கொண்டார். வயது ஐம்பத்தேழு. கேம்களின் வரலாறு, கோட்பாடு என்று கையில் சிக்கிய நூற்று நாற்பது புத்தகங்களைப் படித்துவிட்டு, இத்தனையும் தமிழில் ஒரே புத்தகமாக வந்தாக வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார். வீட்டில் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள்.

அவருடைய குரு தமயந்திக்கு முப்பத்தாறு வயது. கோவையில் ஒரு மாடியில் நான்கு பேரை வைத்துக்கொண்டு கேம் செய்கிறவர். அங்கே நடந்த சனிக்கிழமை வகுப்பில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து கற்றவர் நாச்சிமுத்து. குருவை அவர் மேடம் என்பார். சிஷ்யரைத் தமயந்தி சார் என்பார்.

ஒருநாள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"முடிஞ்சுதுங்க மேடம். நீங்க ஒரு முன்னுரை எழுதிட்டா அச்சுக்குப் போயிரும். நீங்க எழுதாம நான் கொடுக்கறதா இல்லை."

"முடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க சார்?"

"இனிமேல் சேர்க்க ஒண்ணும் இல்லீங்களே."

தமயந்தி கட்டைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு வைத்தார்.

"சரி, நீங்களே சொல்லுங்க மேடம். ஒரு புத்தகம் முடிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

தமயந்தி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கீழே ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கும் ஜுலைகாவையும் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதி செய்த கேமை வெளியாள் ஒருவர் ஆடிப் பார்க்கும்போது, அதைச் செய்தவர் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் 'இடது பக்கம் போங்க', 'அந்தக் கதவைத் தொடுங்க' என்று வாய் ஓயாது. வேண்டும்போது துப்பிவிட்டு வேறு தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். பேசிவிட்டால் மட்டும் எல்லாம் முதலிலிருந்து.

"அது கேமுக்குத்தானுங்களே? இது புத்தகமாச்சே."

"வாங்கிட்டுப் போறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடப் போவீங்களா சார்?"

நாச்சிமுத்து செம்பை எடுத்தார்.

ஜுலைகா கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றார். "எனக்கு இந்த கேம் கீமெல்லாம் ஒண்ணும் தெரியாதுக்கா."

"அதனாலதான் கூப்பிட்டேன். இதைப் படிங்க. படிச்சு முடிச்சதும், கைக்குக் கிடைச்சதை வெச்சு நீங்களே ஒரு ஆட்டம் செய்யணும். அதை இங்க இருக்கறவங்க ஆசையா ஆடினா, நான் முன்னுரை எழுதறேன்."

"செய்ய வரலைன்னா?"

"அது உங்க குத்தம் இல்ல."

முதல் நாள் மூன்றாம் பக்கம்கூடத் தாண்டவில்லை. 'ஆட்ட இயங்குமுறைமைகளின் பன்முகக் கட்டமைப்பு' என்ற வரியில் விரலை வைத்து ஜுலைகா மூன்று தடவை படித்தார். நாச்சிமுத்து பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்து இருபது நிமிடம் விளக்கினார்.

ஜுலைகா தலையாட்டினார். "சார் சொன்னது நல்லாப் புரிஞ்சுதுங்க. புத்தகத்துல இருக்கறதுதான் புரியல."

"அடுத்த சனிக்கிழமை," என்றார் தமயந்தி. "முதல் பக்கத்துலருந்து."

நாச்சிமுத்துவுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஜாக்கெட் தைப்பவளுக்குப் புரிய வைக்கவா நூற்று நாற்பது புத்தகம் படித்தேன் என்று பஸ்ஸில் வழி நெடுகப் பொருமினார். வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் மூன்றாம் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

அடுத்த வாரம் நாற்பதாம் பக்கம் வரை போனது. சிரிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் ஜுலைகா சிரித்தார். ஏன் சிரித்தார் என்று தெரியாமல் இவருக்கு மண்டை காய்ந்தது, கேட்டுவிட்டார். முதல் பக்கம்.

அதற்கடுத்த வாரம் வரலாற்று அத்தியாயம். எந்த ஊரில், எந்த வருடம், எந்தப் பெட்டியில் என்ன கேம் வந்தது என்று தேதிவாரியாக அடுக்கியிருந்தார். ஜுலைகா பதினோரு பக்கத்தை ஒரே பிடியில் புரட்டித் தள்ளினார்.

"அம்மா, அங்கதான் விஷயமே இருக்கு!"

தண்ணீர் முழுவதும் சட்டையில். முதல் பக்கம்.

இப்படியே ஒன்பது முறை நடந்தது. அங்கே வேலை செய்யும் பிரவீணாவுக்கே பாவமாகிவிட்டது. "விட்டுடுங்களேன் சார். முன்னுரை இல்லாம எத்தனை புத்தகம் வருது."

"விடறதுக்காம்மா ஆறு வருஷம் எழுதினேன்?"

ஜுலைகாவும் சளைக்கவில்லை. "நானும் விடறதா இல்லீங்க. போன தடவைக்கு இந்தத் தடவை நல்லா இருக்கு."

ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் முந்நூறாகச் சுருங்கியது. மனப்பாடம் செய்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வாக்கியங்களெல்லாம் போயின. ஒவ்வொன்றை அடிக்கும்போதும் நெஞ்சு வலித்தது, ஆனால் அடித்தார்.

பத்தாவது முறை அவர் வாயைத் திறக்கவில்லை. தொடர்ந்து நான்கு சனிக்கிழமை, செம்பு செம்பாகத் தண்ணீர் மாறியது. ஜுலைகா நின்ற இடத்திலெல்லாம் நாச்சிமுத்துவின் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டியது, அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தைப் படித்துக் கட்டை மூடி, "சரிங்க, செஞ்சு பாக்கறேன்," என்று ஜுலைகா கீழே போய்விட்டார்.

மறு வாரம் ஒரு மஞ்சப்பை நிறையக் கத்தரித்த துணித்துண்டுகளும் ஒரு டப்பா பட்டனுமாக வந்தார். நாச்சிமுத்து வழக்கப்படி வாயில் தண்ணீரோடு உட்கார்ந்தார்.

ஆட்டம் சுலபம். பார்க்காமல் பையில் கைவிட்டு ஒரு துண்டை எடுக்க வேண்டும். வண்ணத் துண்டு வந்தால் ஒரு பட்டன். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், போதும் என்று தோன்றினால் பையை எதிராளியிடம் கொடுத்துவிடலாம். இருபது பட்டன் முதலில் சேர்ப்பவருக்கு வெற்றி. கறுப்புத் துண்டு வந்துவிட்டால் அதுவரை சேர்த்த பட்டன் அத்தனையும் டப்பாவுக்குத் திரும்பப் போய்விடும்.

பிரவீணாவும் இன்னொரு பெண்ணும் ஆடினார்கள். பிரவீணாவிடம் பதினெட்டு பட்டன் இருந்தது. பையைக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தார். கையை விட்டார். கறுப்பு.

போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்கள்.

நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது. ஏழாவது அத்தியாயத்தில், தடித்த எழுத்தில், பதினான்கு புத்தகங்களைச் சான்று காட்டி அவர் எழுதிய ஏழாவது விதி இது: ஆடுபவர் சேர்த்ததை ஒருபோதும் பிடுங்காதே, பிடுங்கினால் எழுந்து போய்விடுவார்.

அந்த ஆட்டத்தில் தோற்றும் பிரவீணா எழுந்து போகவில்லை. "இன்னொரு ஆட்டம், இன்னும் ஒரே ஒரு ஆட்டம்!" என்று பட்டன்களை டப்பாவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இப்போ பேசலாம் சார்," என்றார் தமயந்தி.

துப்பிவிட்டு வந்தவர் நேரே ஜுலைகாவிடம் போனார். "ஏனுங்க ஜுலைகா, ஏழாவது அத்தியாயத்தைப் படிச்சீங்கதானே?"

"படிச்சேனுங்க. தெளிவா இருந்துச்சு. சேர்த்ததைப் பிடுங்காதேன்னு நல்லா அழுத்தி எழுதியிருந்தீங்க. அதனாலதான் யோசனையே வந்துச்சு."

"என்ன யோசனை?"

"உங்களை ஒன்பது தடவை முதல் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பினாங்க. நீங்க எங்கீங்க எழுந்து போனீங்க? சரி, பிடுங்கித்தான் பாப்பமேன்னு கறுப்புத் துணியைப் போட்டேன்."

நாச்சிமுத்து பிரவீணா பக்கம் திரும்பினார். அடுத்த ஆட்டம் தொடங்கியிருந்தது. ஆட இடம் கேட்டு இருவர் காத்திருந்தார்கள்.

தமயந்தி ஒரு வெள்ளைத் தாளை இழுத்து முன்னுரை எழுத ஆரம்பித்தார். முதல் வரி முடியுமுன் நாச்சிமுத்துவின் கை தாளின் மேல் விழுந்தது.

"வேண்டாங்க மேடம். ஏழாவது அத்தியாயம் தப்பு. அதைத் தூக்கிட்டு வர்றேன். இன்னும் ஆறு வருஷம் ஆனாலும் சரி."

தமயந்தி அந்தக் கையை மெல்ல நகர்த்தினார்.

"அதைத் தூக்கிட்டா, அடுத்து படிக்கறவங்க எதை மீறிப் பாப்பாங்க சார்?"