ஊற்று தெளியும் நேரம்

ஒரு காட்டில் எல்லாக் குரங்குகளும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தன; கூட்டத்துக்குத் தலைமையான கடுவன் மட்டும் தாகத்தில் சாகக் கிடந்தது.

அதன் பெயர் உறுமன். பலமும் அதிகம், கோபமும் அதிகம். யார் பக்கத்தில் வந்தாலும் பல்லைக் காட்டும். சில சமயம் கடித்தும் விடும். அதனால் அது உட்காரும் கிளையில் வேறு யாரும் உட்காருவதில்லை.

அந்தக் கோடையில் ஆறு வற்றிவிட்டது. வெறும் மணல். ஒரு குட்டி விளையாட்டாக மணலைத் தோண்டியது, கை ஈரமானது. அதன் தாய் பார்த்தது. தாய்க்குப் பேன் பார்க்க வந்த மந்தி பார்த்தது. அந்த மந்திக்குப் பேன் பார்க்க வந்த இன்னொன்றும் பார்த்தது. குரங்குகளுக்குப் பள்ளிக்கூடம் ஏது? பேன் பார்க்கிற இடம்தான் பள்ளிக்கூடம். நாலே நாளில் கூட்டம் முழுவதும் ஊற்றுத் தோண்டக் கற்றுக்கொண்டது.

உறுமனுக்குப் பேன் பார்க்க யார் போவார்கள்? அதற்கு மட்டும் தெரியவில்லை.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். தலைவன் வாய்விட்டுக் கேட்குமா? பாறைமேல் நின்று பார்த்தது. எல்லாம் தோண்டுவது தெரிந்தது. தோண்டிவிட்டு உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. "சோம்பேறிக் கழுதைகள், அரட்டை அடிக்கின்றன" என்று நினைத்துக்கொண்டது.

இறங்கிப் போய்த் தனியாகத் தோண்டியது. தண்ணீர் வந்ததும் வாயை வைத்தது. வாய் நிறையச் சேறு. இருமியது, வாந்தி எடுத்தது. மறுநாளும் தோண்டியது. மறுநாளும் சேறுதான். மூன்றாம் நாள் குழிக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டது.

மூளி என்றொரு மந்தி இதைப் பார்த்தது. "சடைச்சி அக்கா, அவர் சேற்றைக் குடிக்கிறாரே!" என்றது.

"குடிக்கட்டும். நாமா ஊட்டிவிட்டோம்?" என்றது மூத்த மந்தி சடைச்சி.

"யாராவது போய்ச் சொல்லலாமே."

"தலைவருக்கே பாடமா? நீயே போ. ஒரு காதுதானே போயிருக்கிறது, இன்னொன்று மிச்சம் இருக்கிறதே!"

மூளிக்கு இடது காது பாதிதான். கடித்தது யார் என்று கேட்காதீர்கள். உறுமன்தான்.

"செத்துப்போவார், அக்கா."

"போனால் வேறொரு கடுவன் வரும்."

மூளி எழுந்து உறுமனிடம் போனது.

"எங்கே வந்தாய்? போடி அந்தப் பக்கம்!" தொண்டை காய்ந்திருந்ததால் உறுமலில் பாதிதான் வெளியே வந்தது.

மூளி ஓடவில்லை. "தாகம், அண்ணே. இங்கே மணல் நெகிழ்வாக இருக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடுகிறேன்."

முழங்கை புதையும்வரை தோண்டியது. கலங்கல் தண்ணீர் ஊறியது. அதை இரண்டு கையாலும் வாரி வெளியே கொட்டியது. மறுபடி ஊறியது. இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

உறுமனுக்குப் பொறுக்கவில்லை. "தண்ணீர்தான் வந்துவிட்டதே! குடித்துத் தொலையேன்!"

"தெளியட்டும், அண்ணே."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு முதுகுக்குப் பேன் பார்க்கிற நேரம்."

உறுமன் குழியையே பார்த்தது. மூளி மெல்லச் சொன்னது: "சும்மா இருந்தால் கை பரபரக்கிறது. உங்கள் முதுகில் உண்ணி இருக்கிறது. எடுக்கட்டுமா?"

உறுமன் பல்லைக் காட்டியது. கொஞ்ச நேரம் கழித்து வாயை மூடியது. பிறகு திரும்பி உட்கார்ந்தது.

முதல் உண்ணியைப் பிடுங்கியபோது அதன் உடம்பு சிலிர்த்தது. கடிக்கப்போகிறது என்று மூளி கண்ணை இறுக மூடிக்கொண்டது. கடிக்கவில்லை. ஐந்தாவது உண்ணிக்குத் தோள் தளர்ந்தது. பத்தாவதுக்குக் கண் செருகியது. எத்தனை வருஷத்து உண்ணிகளோ!

முதுகு முடிந்தது. குழியில் தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது.

"நீ குடி. தோண்டியது நீ" என்றது உறுமன்.

"நீங்கள் குடியுங்கள், அண்ணே. நான் காலையிலேயே குடித்தாயிற்று."

"தாகம் என்றாயே?"

"அது அப்போது."

உறுமன் அதன் முகத்தைப் பார்த்தது. பாதிக் காதைப் பார்த்தது. குனிந்து குடித்தது. நெடுநேரம் குடித்தது.

மறுநாள் உறுமன் தானே தோண்டியது. முதல் தண்ணீரை வாரிக் கொட்டியது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது.

சடைச்சிக்கு வாய் பிளந்தது. "இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

சொல்லிக்கொடுத்தது என்று யாருமில்லை. முந்தின நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது மூளி, அவ்வளவுதான்.

நீதி: யாரையும் அருகில் விடாதவனுக்கு அறிவும் அருகில் வராது.