நெருப்பு கீழே இறங்கத் தயங்குவது ஏன்

அந்தக் காலத்தில், மிருகமும் மரமும் பேசிக்கொண்டிருந்தபோது, நெருப்புக்கு நாக்கு கிடையாது. இலந்தைப் பழம் மாதிரி உருண்டையாக இருக்கும். ஒரு குச்சியில் ஏற்றிவிட்டால் மேலும் கீழும் ஒரே நிதானத்தில் நகரும். எல்லாரையும் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வது நிலத்தின் குணம். கையை விட்டால் கல்லும் பழமும் தரைக்கு வருவதுபோல நெருப்பும் அதன் மடிக்கு வந்துவிடும்.

நெருப்புக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாராவது கொடுத்ததை மட்டும்தான் தின்ன வேண்டும்.

ஒரு மார்கழிக் காலையில், புல்லுக்குள் கூடு கட்டியிருந்த கௌதாரி நெருப்பிடம் வந்தது. "அண்ணே, இரை பொறுக்கிட்டு வந்துடறேன். குளிருல முட்டையெல்லாம் விறைச்சிடும். கொஞ்சம் பக்கத்துல உக்காந்துக்கறீங்களா?" என்று கேட்டது. தின்ன ஒரு சுள்ளியையும் வைத்துவிட்டுப் போனது.

நெருப்பு பெருமையாகத்தான் உட்கார்ந்தது. சுள்ளி தீர்ந்ததும் பொறுமை போய்விட்டது. கூட்டிலிருந்து ஒரு காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருந்தது. 'ஒண்ணே ஒண்ணுதானே, யாருக்குத் தெரியப்போகுது' என்று தின்றது. தின்ற வாய் சும்மா இருக்குமா? கூடும் எரிந்து, முட்டைகளும் கருகிவிட்டன.

"என்னப்பா, புகை வாடை வருது?" என்று நிலம் கேட்டது.

"காத்துதாம்மா என்னைத் தள்ளிவிட்டுடுச்சு."

"காலையிலேருந்து ஒரு இலைகூட அசையலையேப்பா" என்றது நிலம்.

அப்போது கௌதாரி திரும்பி வந்தது. கருகிய கூட்டை வெகுநேரம் பார்த்தது. பிறகு, "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டது.

நெருப்புக்கு அவமானம் தாங்கவில்லை. உடம்பெல்லாம் சிவந்துபோயிற்று. பக்கத்தில் நின்ற பட்ட மரத்தில் ஒரே ஓட்டமாக ஏறியது. ஓடிய ஓட்டத்தில் உருண்டை உடம்பு நீண்டு கூராகிவிட்டது.

"இறங்கி வாப்பா. வந்து அதுகிட்ட உண்மையைச் சொல்லு" என்று நிலம் இழுத்தது. இழுக்க இழுக்க நெருப்பு மேலே மேலே எழும்பியது. வர அதற்கும் ஆசைதான். ஒரு விரற்கடை இறங்கும், கௌதாரி நிற்பது தெரியும், முகத்தை மேலே திருப்பிக்கொள்ளும். கௌதாரி இருட்டும்வரை நின்றுவிட்டுப் போய்விட்டது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. எரியும் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் நெருப்பு ஒரே தாவலில் விரலுக்கு வந்துவிடும். நிமிர்த்திப் பிடித்தால், முகத்தை மேலே வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி இறங்கும். பல நேரம் பாதி வழியிலேயே அணைந்துவிடும். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறது, பாவம். எப்படிக் கேட்பதென்று இன்றைக்கும் அதற்குத் தெரியவில்லை.