மெலிஞ்ச பொறவு ஜிம்முக்கு வாராளாம்

ஏ ஜெர்லினு, அந்தக் கதவ விடு. வந்து மூணு நாளாகல, அதுக்குள்ள "வீட்லயே கொஞ்சம் மெலிஞ்சுட்டு, பொறவு ஜிம்முக்கு வாரேன்க்கா"ங்கிற. குளிச்சு முடிச்சுட்டுத்தான் ஆத்துல இறங்குவேங்கிற மாதிரில்லா இருக்கு. எல்லாம் செவுரு பூரா நிக்க அந்தக் கண்ணாடிக்குப் பயந்துதான? இந்தப் பூங்கோதை சொல்றதக் கேளு. பாதிய நம்பினாப் போதும், மீதியும் நெசந்தான்.

நானும் மூணு சைஸு பெரிய சுடிதாருக்குள்ள ஒளிஞ்சு கிடந்தவதான். விசேச வீட்டுக்குப் போனா அத்தைமாரு முதல்ல இடுப்பப் பாப்பாளுவ, பொறவுதான் "வா பிள்ள"ம்பாளுவ. என்னமோ அவளுவ எல்லாம் கொடியிடை மாதிரி. அந்த அவமானம் தாங்காமத்தான் இங்க வந்து தண்டால் எடுத்தேன். ஒரே வாரம். கேஸ் சிலிண்டரச் சுண்டு விரல்ல மாட்டி மூணு மாடி ஏறிட்டேன்.

"காலி சிலிண்டரா மைனி?"

யாரு, வள்ளிமயிலா? நீ எடை தூக்குற சோலியப் பாரு. ரொம்பின சிலிண்டர்தான். அதப் போட வந்தவரும் கூடவே தொங்கிக்கிட்டு வந்தாரு.

ரெண்டாம் மாசம் எங்க ஊர்த் தேருக்கு வடம் பிடிச்சேன். எப்பவும் தேரு நிலைக்கு வரச் சாயங்காலம் ஆயிரும். அன்னைக்குக் காலைல பத்து மணிக்கே வந்துட்டு. மேளகாரங்க பின்னால ஓடிவந்துதான் சேந்தாவ.

"வடத்துல இன்னும் ஆயிரம் பேரு இருந்திருப்பாவளே?"

இருந்தாவ. அவியளையும் சேத்துத்தான் இழுத்தேன்.

மூணாம் மாசம் என்னையப் பொண்ணு பாக்க வந்தாவ. சோபாவுல அம்மைக்காரி, மகன், தாய்மாமன். அம்மைக்காரி மூணு தட்டு கேசரிய முழுங்கிட்டு, "பொண்ணு பூசுனாப்புல இருக்கு, கல்யாணத்துக்குள்ள குறைச்சிரட்டும்"னா. மகன் தொந்தியில சட்டைப் பட்டன் தெறிக்கப் பாக்கு, அதக் கேக்க ஆளில்ல. எனக்கு வந்துது பாரு ஆத்திரம். மூணு பேரையும் சோபாவோட தூக்கிட்டேன்.

"டீ சிந்தலையா?"

மிக்சர் தட்டுல ஒரு ஓமப்பொடி அசையல. அப்படியே கொண்டுபோயி வேனுக்குள்ள வச்சு, பின்னாலருந்து ஒரே தள்ளு. டிரைவர் சாவியப் போட்டது கோவில்பட்டி தாண்டித்தான்.

சிரிங்க, சிரிங்க. ஏ ஜெர்லினு, நீ ஏன் சிரிக்கல? என்ன கேக்கணும்?

"எக்கா, வாசல்ல ஜிம் போட்டோ மாட்டியிருக்குல்லா. அதுல எல்லாரு முதுகுக்கும் பின்னால பாதித் தலை மட்டும் தெரியுதே, அது நீங்கதான?"

அது வந்து பிள்ள... நான் முன்னால நின்னா மத்தவளுவ மூஞ்சி தெரியாதுன்னுட்டுத்தான்.

"சரிக்கா. நானும் வீட்டுக்குப் போகல. வாங்க, கண்ணாடி முன்னால நிப்போம். முதல்ல நீங்க."